ஏஏசி பிளாக் சுவரில் 25 லிட்டர் கீசர்: எந்த ஆங்கர் போடலாம்?

வணக்கம். பாத்ரூம் சுவர் 6 அங்குல ஏஏசி பிளாக் (நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த பிளாக்), உள்பக்கம் டைல்ஸ். கீசர் தண்ணீரோடு 35 கிலோவுக்குக் குறையாது.

கூட வந்த எக்ஸ்பான்ஷன் போல்ட் கான்கிரீட்டுக்கானது, இதில் போடப்போவதில்லை. நட்டை முறுக்க முறுக்க ஸ்லீவ் விரிந்து பிளாக்கை மாவாக்கிவிடும், அப்புறம் போல்ட் சும்மா சுற்றும்.

யோசித்திருப்பது கெமிக்கல் ஆங்கர் (துளையில் ரெசின் பசை விட்டு ராடை ஒட்டுவது): எம்10 (10 மி.மீ. விட்டம்) ராட், 100 மி.மீ. ஆழம். பூச்சும் டைல்ஸும் இந்தக் கணக்கில் சேராது. டிரில்லில் ஹேமரை அணைத்துவிட்டு ஓட்டணும், இல்லாவிட்டால் பின்பக்கம் பெயர்ந்துவிடும். துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதணும். தூசி நின்றால் ராட் பசையோடு கையில் வந்துவிடும்.

ஏஏசிக்கு என்றே ரேட்டிங் உள்ள ரெசின் சில்லறையில் கிடைக்கிறதா? கன் (ரெசினைப் பிதுக்கும் கருவி) இல்லாமல் அடிக்கிற சின்ன டியூப் இருந்தால் இன்னும் நல்லது.

இல்லாவிட்டால் ராடைச் சுவர் தாண்டி விட்டு, பெட்ரூம் பக்கம் 5 மி.மீ. பிளேட், வாஷர், இரட்டை நட். பலத்துக்கு இதுதான் என் ஓட்டு, பார்க்கத்தான் அசிங்கம். பிளேட்டைப் பூச்சுக்குள் புதைத்தவர்கள் உண்டா? மேலே பூச்சு வெடித்ததா? ஈரத்துக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ராட் போதுமா, எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) வேண்டுமா?