புதுப்பிப்பு: வானவில்லை விட்டுட்டு ஆபிரகாமுக்குப் போனோம்

போன பதிவில் புலம்பியிருந்தேனே, ஞாயிறு பள்ளியில் நோவாவின் வானவில்லைக் காட்டி "தேவன் சொன்னதைச் செய்வார்" என்றதும், ஒரு வாண்டு "அப்ப நான் கேட்ட சைக்கிள் எங்க?" என்று மடக்கிய கதை. தப்பு என்னுடையதுதான். நாம் கேட்பதையும் அவர் வாக்குக் கொடுத்ததையும் ஒன்றாகக் குழப்பிவிட்டேன்.

இந்த வாரம் பைபிளின் ஆதியாகமம் 12-லிருந்து 21 வரை: ஆபிரகாமுக்குச் சந்ததி தருவேன் என்று தேவன் வாக்குக் கொடுத்ததிலிருந்து மகன் ஈசாக்கு பிறக்கும் வரைக்குமான கதை. ஆபிரகாம் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. அந்த 25 வருஷத்துக்கு 25 காகித வளையம் கோத்துத் தொங்கவிட்டேன். ஒவ்வொருவராக வந்து ஒன்றைக் கிழிக்கணும், மற்றவர்கள் "பாப்பா வந்தாச்சா?" என்று கத்தணும். பத்தாவது வளையத்திலேயே "இன்னுமா மிஸ்?" என்று சலிப்பு. (எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.) கூடாரவாசலில் ஆபிரகாமின் மனைவி சாராள், இந்த வயசில் பிள்ளையா என்று சிரித்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். கடைசி வளையம் கிழிந்ததும் துண்டில் சுற்றிய பொம்மையை நீட்டினேன். ஒரே கூச்சல்! ஈசாக்கு என்றால் நகைப்பு என்று அப்புறம்தான் சொன்னேன்.

சைக்கிள் வாண்டு போகும்போது கேட்டது: "சைக்கிள் தர்றேன்னு அவர் சொல்லவே இல்லல்ல மிஸ்?"

இல்லடா, கூட இருப்பேன்னுதான் சொன்னார் என்றேன். யோசித்துக்கொண்டே போனான்.