தானா ஓடுற வசதியை நம்பி எலெக்ட்ரிக் கார் எடுக்கலாமா? (வேலூர் - சென்னை ராத்திரி ஓட்டம்)

காட்பாடி டிரைவர்:
வணக்கம். பதினெட்டு வருஷமா டாக்சி ஓட்டுறேன். சிஎம்சிக்கு வர்ற வெளியூர் நோயாளிங்களை மீனம்பாக்கத்துல இருந்து கூட்டிட்டு வரணும், திரும்பக் கொண்டுபோய் விடணும். விடிகாலை ஃபிளைட்டுக்கு விட்டுட்டுத் தனியா திரும்பும்போது காவேரிப்பாக்கம் கிட்ட கண்ணு சொருகுது. போன மாசம் ஒரு நொடி அசந்துட்டேன். ஓரத் தடுப்புல உரசின சத்தத்துலதான் முழிச்சேன். வீட்டுல இன்னும் சொல்லலை. டீசல் வண்டியை வித்துட்டு லெவல் 2 (ஓட்டுறதுக்கு உதவி மட்டும்) இருக்கிற எலெக்ட்ரிக் எடுக்கலாமா, லெவல் 3 (சில இடத்துல ரோட்டையும் வண்டியே பார்த்துக்கும்) வரட்டும்னு காத்திருக்கலாமா?

சத்துவாச்சாரி:
அண்ணா, முதல்ல வீட்டுல சொல்லிடுங்க.

லெவல் 2 வண்டி ஒரு வருஷமா வெச்சிருக்கேன். ஸ்டீயரிங்கைத் திருப்பும், பிரேக் போடும், ஆனா ரோட்டைப் பார்க்கிற பொறுப்பு முழுக்க நம்மளுது. கையை எடுத்தா கொஞ்ச நேரத்துல கத்தும். முன்னாடி போற லாரிக்கு இடைவெளி விட்டுப் போறது அருமை, பள்ளிகொண்டா பக்கம் கால் வலியே தெரியாது. கோடு பார்த்துப் போற வசதிதான் சிக்கல். வாலாஜா தாண்டி ரோடு அகலப்படுத்துற இடத்துல பழைய வெள்ளைக் கோடு பாதி அழிஞ்சும் அழியாமலும் கிடந்துச்சு. வண்டி அதைப் பிடிச்சிக்கிட்டு நேரா தடுப்புக்கு வெச்சிருந்த டிரம் பக்கம் இழுத்துச்சு. முழிச்சிருந்ததால திருப்பினேன். தூங்கியிருந்தா?

லெவல் 3-க்குக் காத்திருக்காதீங்க. ஜெர்மனியில 2021 டிசம்பர்ல பென்ஸுக்கு அனுமதி குடுத்தப்பவே குறிப்பிட்ட ஹைவேயில, மணிக்கு 60 கிலோமீட்டருக்குள்ளதான். அதுலயும் டிரைவர் தூங்கக் கூடாது, வண்டி கூப்பிட்டா உடனே ஸ்டீயரிங்கைப் பிடிக்கணும்.

ஆரணி:
எங்க அப்பாவும் லாரி டிரைவர், அதனால சொல்றேன். மஹிந்திரா எக்ஸ்இவி 9இ, பிஇ 6 எலெக்ட்ரிக் கார்களோட மேல் மாடல்கள்ல டிரைவர் முகத்தையே பார்க்கிற கேமரா இருக்கு, கண்ணு சொருகினா எச்சரிக்கும். உங்களுக்கு அதுதான் முக்கியம். எங்க ஊர் ரோட்ல கோடும் கிடையாது, பாதி ரோட்ல வேர்க்கடலை காயும். அங்க தானா ஓட்டுற மத்த வசதிகளை ஆஃப் பண்ணிடுங்க.

இன்னொண்ணு: பெரிய 79 யூனிட் பேட்டரியே எடுத்தாலும், திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சார்ஜ் போடுங்கண்ணா. அந்த அரை மணி நேரம் சீட்டைச் சாய்ச்சுப் படுத்துடுங்க.

காட்பாடி டிரைவர்:
ரொம்ப நன்றிம்மா, தம்பிக்கும் நன்றி. நேத்து ராத்திரி டீசல் வண்டியிலயே அப்படிச் செஞ்சு பார்த்தேன். அலாரம் வெச்சு நாப்பது நிமிஷம் தூங்கினேன். காவேரிப்பாக்கம் ஏரி விடியற வெளிச்சத்துல நல்லாத் தெரிஞ்சுது. காலையில பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன். அந்தக் கேமரா இருக்கிற வண்டியை சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கப் போறோம், அவளும் வர்றா.