புரியாமல் தலையாட்டுபவர்கள்: வார்டில் நான் பார்த்தவை

நான் நர்ஸ். புரியாமலே "சரிங்க, சரிங்க" என்று சொல்பவர்களை அன்றாடம் பார்க்கிறேன். அவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. எதிரில் இருப்பவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றுதான் பெரும்பாலானவர்கள் தலையாட்டுகிறார்கள்.

நெஞ்சுவலியோடு வந்து சேர்ந்து, தேறி, வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். மறுபடி வலி வந்தால் வைத்துக்கொள்ள நைட்ரோகிளிசரின் மாத்திரை எழுதியிருந்தார்கள். டாக்டர் வேகமாக விளக்கினார். நாக்குக்கு அடியில் வைப்பதைக் குறிக்கும் "சப்லிங்குவல்" என்ற ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. பெரியவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார், சரியான இடத்தில் "கண்டிப்பாங்க" என்றும் சொன்னார். பார்க்கிற யாரும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

டாக்டர் போனதும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஐயா, வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரை எதுக்குன்னு உங்க பையன் கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "வலி வந்தா தண்ணி ஊத்தி முழுங்கணும்மா" என்றார்.

அந்த மாத்திரையை முழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துபோகும், வலிக்கு உதவாது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட்டால் சில நிமிடங்களில் வேலை செய்யும். அதுவும் உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் நின்றுகொண்டிருந்தால் தலைசுற்றி விழுந்துவிடலாம். இதையெல்லாம் நாக்கைத் தூக்கிக் காட்டியே சொன்னேன். பிறகு அவரும் அப்படியே செய்து காட்டினார். "முன்னாடியே கேட்டிருக்கலாமே ஐயா" என்றதற்கு, "டாக்டர் அவசரத்துல இருந்தாரும்மா, அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்" என்றார்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லவைக்கும் இந்த முறைக்கு மருத்துவத்தில் டீச்-பேக் என்று பெயர். நோயாளிக்கு வைக்கும் பரீட்சை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாம் சரியாகச் சொன்னோமா என்பதைத்தான் அது காட்டுகிறது. "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை நான் அறவே விட்டுவிட்டேன். அதற்கு "புரிஞ்சுது" என்பதைத் தவிர மரியாதையான பதில் கிடையாது.

12 மொழிகளில் மனிதர்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள் 2015இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் "என்ன?", "யாரு?" என்று நிறுத்திக் கேட்கிறாராம். நண்பர்களோடும் வீட்டாரோடும் நாம் எல்லோரும் அப்படித்தான். ஆனால் வெள்ளைக் கோட்டு எதிரில் வந்ததும் அந்தக் கேள்விகள் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன. கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்கலாம் என்ற இடத்தை நாம் அவர்களுக்குக் கொடுப்பதில்லை.

வீட்டில் என் அப்பாவின் கதை வேறு. வயதாகும்போது காது பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான் முதலில் இழக்கிறது. பேச்சின் சத்தம் கேட்கும், ஆனால் ச, ஃப போன்ற சன்னமான ஒலிகள் நழுவிவிடும். அதனால்தான் "நீ பேசறது கேக்குது, என்ன பேசறேன்னு தெரியல" என்பார். எல்லோரும் கூடியிருக்கும்போது மற்றவர்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். கத்திப் பேசுவதால் ஒரு பலனும் இல்லை. ஏற்கெனவே கேட்கிற ஒலிதான் இன்னும் பெரிதாகிறது, நம் முகமும் கோபமாகத் தெரிகிறது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் தெரியும்படி திரும்பி, பேச்சு மாறும்போதெல்லாம் "அப்பா, இப்ப வீட்டு வாடகை பத்திப் பேசறாங்க" என்று ஒரு வரி சொல்வேன். எதைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துவிட்டால் நழுவிய சொற்களை அவரே நிரப்பிக்கொள்வார். பிறகு அவர் சொல்லும் கருத்துதான் அங்கே எடுபடும்!

போனில் மருந்தின் அளவு சொல்லும்போது "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழும். எங்களிடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு "ஒன், ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிப் படிக்கத்தான் முதலில் பழக்குகிறோம். "ஓகே சார்" என்று போனை வைப்பது ஆபத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலையாட்டுவது நோயாளிகள் மட்டும் இல்லை. பக்கவாதத்தில் பேச்சு பாதிக்கப்பட்ட ஒரு அம்மா எங்கள் வார்டில் இருந்தார். அவருடைய நினைவு தெளிவாக இருந்தது, சொற்கள்தான் வரவில்லை. எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "சரிம்மா, சரிம்மா" என்றார்கள். மனம் நோகக் கூடாது என்ற அன்புதான். ஆனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படிப்பட்டவர்களிடம் புரிந்ததுபோல் காட்டிக்கொள்வதைப் போலப் புண்படுத்துவது வேறில்லை.

"அம்மா, நீங்க சொல்றது எனக்குப் புரியல. ஆனா தெரிஞ்சுக்கணும். நான் ஒண்ணொண்ணா கேக்கறேன், நீங்க ஆமா இல்லன்னு தலையை மட்டும் அசைங்க" என்றேன். வலியா? இல்லை. தண்ணியா? இல்லை. வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவரணுமா? ஆமாம். உடுத்தறதா? இல்லை. கண்ணுக்கா? என் கையைப் பிடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடி. அது இல்லாமல் வந்தவர்களின் முகம்கூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

அன்றைக்கே ஒரு நோட்டில் கண்ணாடி, தண்ணீர், கழிவறை, வலி என்று படம் வரைந்து படுக்கையோரம் வைத்தோம். மறுநாள் கண்ணாடியோடு வந்த அவருடைய பையன் அதில் பேரக்குழந்தைகளின் முகங்களையும் வரைந்து சேர்த்தார்.