பரணிலிருந்து இறங்கிய மிக்ஸி

குழு: நம்ம வீட்டு மக்கள்

சனிக்கிழமை

அத்தை: 📷 பரணைச் சுத்தம் பண்ணும்போது அம்மாவின் பழைய மிக்ஸி கிடைத்தது. 30 வருடத்துக்கு மேல் இருக்கும். துடைத்து வைத்துவிட்டேன், இப்போது போட்டுப் பார்க்கப் போகிறேன்.

சித்தப்பா: அக்கா, பிளக்கில் சொருகாதே!

அத்தை: ஏன்டா, ஓடுகிறதா என்று பார்க்கத்தானே?

சித்தப்பா: அது கடைசியில் பார்க்கிற விஷயம். ஒயர் மிக்ஸிக்குள் நுழைகிற இடத்தை லேசாக வளைத்து ஒரு படம் அனுப்பு.

அத்தை: 📷

நான்: அத்தை, உள்ளே செம்பு தெரிகிறதே!

சித்தப்பா: அதேதான். ரப்பர் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது பார். மேல்மூடி தகரம், பிளக்கில் இரண்டே பின். அந்தச் செம்பு பாடியில் பட்டிருந்தால் மிக்ஸி முழுக்கக் கரண்ட். எர்த் இல்லாததால் ஃப்யூஸும் போகாது. தொடுகிற ஆள்தான் எர்த்.

அத்தை: ஐயோ. கையை எடுத்துவிட்டேன்.

பெரியப்பா: இனிய காலை வணக்கம் 🌹🌹

வித்யா: மாமா, ஒயரை மட்டும் மாற்றினால் போதாதா? அம்மாவிடம் மல்டிமீட்டர்கூட இருக்கிறது.

சித்தப்பா: மூன்று கோர் ஒயர், மூன்று பின் பிளக் போட வேண்டும். எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் நட்டு வைத்து முடுக்க வேண்டும், பெயின்ட் மேலேயே முடுக்கினால் பிரயோஜனமில்லை. மல்டிமீட்டர் ஒயர் அறுந்திருக்கிறதா என்று சொல்லும். இன்சுலேஷன் தாங்குமா என்று சொல்லாது, அதற்குள் இருப்பது சின்ன பேட்டரிதானே. இன்சுலேஷன் பார்க்கிற மெக்கர் என்கிற மீட்டர் 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும். பின்னுக்கும் பாடிக்கும் நடுவில் 1 மெகா ஓம்கூட வரவில்லை என்றால் அப்படியே மறுபடி பரணில் ஏற்றிவிடலாம். மெக்கரை எடுத்துக்கொண்டு நாளைக்கு வருகிறேன்.

பெரியப்பா: எதற்கு இந்தப் பாடு? புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே.

அத்தை: அண்ணா, இதை அம்மாவிடம் நேரில் வந்து சொல்லுங்கள் பார்ப்போம்.

பெரியப்பா: 🙏

ஞாயிற்றுக்கிழமை

நான்: சித்தப்பா கையெல்லாம் கரி, அதனால் நான் டைப் பண்ணுகிறேன். மோட்டாரின் தண்டு, அதான் ஷாஃப்ட், அதைக் கையால் சுற்றினால் அசையவே இல்லை. மோட்டார் எரிந்துவிட்டது என்று அத்தை முடிவே கட்டிவிட்டார். சித்தப்பா மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, எரிந்த வார்னிஷ் வாசனை இல்லை, மோட்டாரின் கம்பிச் சுற்றும் கருக்கவில்லை என்கிறார்.

வித்யா: அப்புறம் ஏன் சுற்றவில்லை?

நான்: 📷 இதைப் பார். ஜார் பிளேடைச் சுற்றவிடுகிற கப்ளரைக் கழற்றவே அரை மணி நேரம். நான் வழக்கம்போல ஒரு பக்கம் திருப்பி முக்கிக்கொண்டிருந்தேன். கீழே ஷாஃப்ட் நுனியில் இருக்கிற வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பிடித்துக்கொண்டு, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே கப்ளரைத் திருப்ப வேண்டுமாம். ஓட ஓட இறுகுகிற மாதிரி மரை போட்டிருக்கிறார்கள்.

நான்: கப்ளருக்கு அடியில், ஷாஃப்டைத் தாங்குகிற புஷ்ஷைச் சுற்றிப் பழுப்பாகக் கோந்து. நகத்தால் கீறினால் சுருண்டு வருகிறது. சமையல் எண்ணெய் காய்ந்தால் இப்படித்தான் ஆகுமாம்.

அத்தை: அது அப்பா வேலை. மிக்ஸியிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். பேப்பர் படிக்க விடவில்லை என்று சமையல் எண்ணெயை இரண்டு சொட்டு விடுவார். இரண்டு நாளைக்குச் சத்தம் இருக்காது, அப்புறம் மறுபடி ஆரம்பித்துவிடும்.

வித்யா: தாத்தா 😂

நான்: ஆல்கஹால் தொட்டுத் துடைத்தோம், ஷாஃப்ட் சுற்றுகிறது. ஆனால் இன்றைக்குக் கரண்ட் கொடுக்க மாட்டாராம். ஆவி உள்ளே தங்கியிருக்கும்போது மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ்ஷின் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், ராத்திரி முழுக்க ஆறட்டும் என்கிறார்.

நான்: கார்பன் பிரஷ் ஒன்று 4 மில்லிமீட்டர்தான் மிச்சம். 6-க்குக் கீழே போனாலே மாற்றிவிட வேண்டுமாம். இன்னொன்று கூட்டிலேயே சிக்கி நின்றுவிட்டது. அத்தை, பிரஷ் உரசுகிற செம்பு உருளையான கம்யூட்டேட்டரைப் பளபளவென்று தேய்த்துவிடலாமா என்று எமெரி தாளோடு வந்தார். நல்ல திட்டு.

சித்தப்பா: கை கழுவிவிட்டேன். எமெரித் துகள் கரண்டைக் கடத்தும் அக்கா. அது செம்புத் துண்டுகளுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் பக்கத்துத் துண்டோடு ஷார்ட். நைசான மணல் தாள் போதும், அதுவும் கரி திட்டு இருக்கிற இடத்தில் மட்டும். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, பிரஷ் வழுக்கி ஓடுவதே அதன் மேல்தான். பள்ளத்தைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டினால் சரி.

பெரியப்பா: தம்பி, என்னிடமும் பழைய டோஸ்டர் ஒன்று கிடக்கிறது. கம்பி அறுந்திருக்கிறது. இந்தக் காலத்தில் கம்பி கிடைக்குமா?

அத்தை: புதிதாக வாங்கிவிடலாமே அண்ணா 😌

சித்தப்பா: கம்பி கிடைக்கும் அண்ணா. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம். ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை வாங்கியது, இன்றைக்கும் டோஸ்டரில் சிவக்கிறது அந்த வகைதான். பழைய தடிமனும் நீளமும் மாறக் கூடாது. கம்பி சுற்றியிருக்கிற மைக்கா தகடு உடைந்திருந்தால்தான் கஷ்டம். ஆனால் உள்ளேயோ ஒயர் உறைக்குள்ளேயோ வெள்ளையாகப் பஞ்சு மாதிரி எதையாவது பார்த்தால் ஊதாதீர்கள், சுரண்டாதீர்கள். அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் வைப்பார்கள். அப்படியே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

பெரியப்பா: நேற்றே ஊதித் துடைத்தேனே!

சித்தப்பா: இனிமேல் தொடாதீர்கள். படம் மட்டும் அனுப்புங்கள்.

சித்தப்பா: இன்னொன்று. டோஸ்டரை அணைத்துவிட்டோம் என்று கத்தியை உள்ளே விடாதீர்கள். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகியிருந்தால் அணைத்த பிறகும் கம்பியில் கரண்ட் நிற்கும்.

திங்கட்கிழமை

அத்தை: ஓடுகிறது!!! 🎥

வித்யா: அம்மா, உள்ளே நீலமாகப் பொறி தெரிகிறதே, பரவாயில்லையா மாமா?

சித்தப்பா: பிரஷ் அடியில் சின்னச் சின்னதாக வந்தால் பரவாயில்லை. புதுப் பிரஷ் முனை தட்டை, கம்யூட்டேட்டர் உருண்டை. தேய்ந்து படிகிற வரைக்கும் அப்படித்தான். ஜார் வைக்காமல் ஒன்றாம் நம்பரில் கொஞ்சம் ஓட்டு, நிறுத்து, ஆறவிடு, மறுபடி ஓட்டு. பொறி வளையமாகச் சுற்றி வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடு, அது ஆர்மேச்சர், அதாவது மோட்டாரில் சுற்றுகிற பாகத்தின் கோளாறு.

அத்தை: வளையம் எல்லாம் இல்லை. மெக்கரில் 20 மெகா ஓமுக்கு மேல் காட்டியது என்று நீயே சொன்னாயே.

சித்தப்பா: சொன்னேன். இருந்தாலும் பார்.

வித்யா: பாட்டி என்ன சொன்னார்கள்?

அத்தை: பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். முகமே சரியில்லை. இது என் மிக்ஸி இல்லை என்கிறார்.

நான்: ஏன் அத்தை? கப்ளரும் ஒயரும் பிரஷ்ஷும்தானே மாற்றினோம்?

அத்தை: விசில் வரவில்லையாம்.

சித்தப்பா: அது புஷ் காய்ந்து கத்திய சத்தம் அம்மா. இப்போது சரியான மெஷின் ஆயில் விட்டிருக்கிறேன், இனி கத்தாது.

அத்தை: அம்மா சொல்வதை அப்படியே டைப் பண்ணுகிறேன். "அந்த விசில் மாறுவதை வைத்துத்தான் அரைத்தது போதுமா என்று தெரிந்துகொள்வேன். உன் அப்பாவும் கடைசி வரைக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தார், நானும் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தேன். நீ விட்டதையும் துடைத்துவிட்டுப் போ."

சித்தப்பா: துடைத்தால் வராது அம்மா, புஷ் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

அத்தை: துணியை எடுக்க எழுந்துவிட்டார்.