மணவாளக்குறிச்சி அருகே மனை: கதிர்வீச்சு மீட்டர் 0.9 காட்டுகிறது, வீடு கட்டலாமா?

மனைவாங்கி:
கடலிலிருந்து அரை கிலோமீட்டர், இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள கருமணல் பகுதி. கெய்கர் மீட்டரை மணல்மேல் வைத்தால் மணிக்கு 1.6 மைக்ரோசீவர்ட், இடுப்புயரத்தில் 0.9. பக்கத்து வீட்டுக்குள் 0.35. சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூச்சுக்கு மனை மணலையே எடுக்கலாம் என்கிறார் கொத்தனார். என்ன செய்யலாம்?

டோஸ்கணக்கு:
1.6-ஐ விட்டுவிடுங்கள். தரையில் வைத்தால் பல மீட்டர்கள் பீட்டா என்ற கதிரையும் சேர்த்து எண்ணி, டோஸை (உடல் வாங்கும் கதிர்வீச்சை) கூட்டிக் காட்டும். ஒரு மீட்டர் உயரத்தில் பத்து நிமிடச் சராசரி எடுங்கள். உங்கள் வீடும் பக்கத்து வீடு மாதிரியே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், உள்ளே 19 மணி நேரம் × 0.35, வெளியே 5 மணி நேரம் × 0.9, மொத்தம் நாளுக்கு 11.15 மைக்ரோசீவர்ட். ஆண்டுக்கு 4 மில்லிசீவர்ட்டுக்கு (1000 மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்) சற்று மேல். இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4. வயிற்று சிடி ஸ்கேன் ஒன்றே 8 முதல் 10 வரை வரும். கட்டலாம்.

தோரியம்232:
2.4-ஓடு ஒப்பிடுவது பிழை. அதில் பாதிக்கு மேல் ரேடான் வகைக் கதிரியக்க வாயுக்கள் மூச்சில் போவதால் வருவது. இந்த மீட்டருக்கு அது தெரியாது. வெளியிலிருந்து படுவதன் உலகச் சராசரி, விண்கதிரையும் சேர்த்து, சுமார் 0.9 தான். ஆக உங்கள் மனை நாலரை மடங்கு.

அதற்காகப் பதற வேண்டாம். இதேபோன்ற மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், மண்ணின் காமாக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மிகச் சிறிய கூடுதல் இந்த அளவு ஆய்வில் அகப்படாமல் போகலாம். செலவில்லாமல் குறைக்க முடிந்ததைக் குறைத்துவிடுங்கள்.

கொத்தனார் சொன்னதை மட்டும் செய்யவே வேண்டாம். இப்போது கதிர்வீச்சு தரையிலிருந்துதான் வருகிறது. அந்த மணலைப் பூசினால் நாலு சுவரிலிருந்தும் வரும். மணலிலுள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்திலிருந்து பிறக்கும் தோரான் வாயுவின் அரை ஆயுள் (பாதி சிதையும் நேரம்) 56 நொடிதான் என்பதால் சுவரை ஒட்டியே தேங்கும், கட்டிலும் அங்கேதான் கிடக்கும். போதாக்குறைக்குக் கடல்மணலின் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

வானம்தோண்டி:
எம்-சாண்டோ உள்நாட்டு ஆற்றுமணலோ வாங்குங்கள், லோடு வந்ததும் மீட்டர் வைத்துப் பாருங்கள். அஸ்திவாரப் பரப்பிலும் பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும் ஓரடி மணலை அள்ளிவிட்டு, கடலோரம் அல்லாத இடத்துச் செம்மண் போட்டு இறுக்குங்கள். அள்ளியதைச் சுவரோரம் குவித்தால் பலனில்லை. மனையின் கடைசி மூலையில் பரப்பி மேலே மண் மூடுங்கள். இந்த மணலிலுள்ள தோரியத் தாதுவான மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருவதால் அந்த மணலை யாருக்கும் விற்க வேண்டாம்.

நிறத்தை நம்பாதீர்கள். கருமணலின் கறுப்பு இல்மனைட் என்ற வேறொரு தாது. கதிர்வீச்சு தருவது அதனோடு கலந்து கிடக்கும் தேன் நிற மோனசைட். மழைக்காலத்தில் அலை ஒதுக்கிய பட்டைகளில் இரண்டும் சேர்ந்து படியும், அதனால் மனையில் பத்தடிக்கு ஒரு இடம் அளந்து தாளில் குறியுங்கள். தரைத்தள கான்கிரீட்டில் விரிசல் விடாமல் பூசி, படுக்கையறையில் எதிரெதிரே ஜன்னல் வையுங்கள்.