கசிந்த தண்ணீர் யாருடைய தண்ணீர்?

நிலத்தடி:
"பக்கத்து நாடுகள் ஆற்றுக்காக அடித்துக்கொள்ளவே தேவையில்லை. வாய்க்காலுக்கு சிமெண்ட் பூசு, வயலுக்குச் சொட்டுநீர் போடு, வீணாகிற தண்ணீர் மிச்சமாகும், அதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்." இது நேற்று மதகு எழுதியது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கொலராடோ ஆற்றில் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடந்ததைத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கலாம். ஆல் அமெரிக்கன் கால்வாய் அந்த ஆற்று நீரை எடுத்துக்கொண்டு, அமெரிக்கப் பக்கம் எல்லையை ஒட்டி மணல்மேடுகள் வழியாகப் போகிறது. 1940களிலிருந்து அது வெறும் மண் கால்வாய். கசிந்ததில் பெரும்பகுதி தெற்கே மெக்சிகோவின் மெக்சிக்காலி பள்ளத்தாக்கின் கிணறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிணறுகளை நம்பித் தலைமுறையாகப் பயிர் வைத்தார்கள். அப்புறம் பக்கத்திலேயே 37 கிலோமீட்டருக்குப் புதிதாகக் கான்கிரீட் கால்வாய் கட்டி, ஆண்டுக்கு 67,700 ஏக்கர் அடி மிச்சம் என்று கணக்கு எழுதினார்கள். ஒரு ஏக்கரில் ஓர் அடி ஆழம் நிற்கும் நீர்தான் ஒரு ஏக்கர் அடி. நம் கணக்கில் மொத்தம் ஏறக்குறைய 3 டிஎம்சி. அதில் பெரும்பங்கு கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதிக்கு. எந்தத் தண்ணீரும் புதிதாகப் பிறக்கவில்லை. ஒருவன் கிணற்றில் ஊறியதை இன்னொருவன் குழாயில் திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மதகு:
வழக்கம்போல ஒரே ஒரு கால்வாயைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். இரு நாடுகளும் போட்ட 1944 நீர் ஒப்பந்தம் கொலராடோவிலிருந்து மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி கொடுக்கச் சொல்கிறது. அது ஒப்பந்தப்படி போகிறது. நிலத்தடி நீரில் இத்தனை பங்கு என்று அந்த ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது? வரியைக் காட்டுங்கள். என் வீட்டுத் தொட்டி ஒழுகி உங்கள் தோட்டம் நனைந்தால், நான் தொட்டியை அடைக்கக் கூடாது என்பீர்களா?

நிலத்தடி:
அறுபது வருடம் ஒழுகிய தொட்டி அது. அதை நம்பி ஒரு ஊரே கிணறு வெட்டியது. வரி கேட்டீர்கள் அல்லவா? 1973இல் இரு நாட்டு எல்லை நீர் ஆணையம் போட்ட மினிட் 242 என்ற உடன்பாட்டைப் படியுங்கள். மேற்பரப்பு நீரோ நிலத்தடி நீரோ, அடுத்தவருக்குப் பாதிப்பு வரக்கூடிய புதிய வேலை எதுவானாலும் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்று இருக்கிறது.

மதகு:
கலந்து பேசு என்றுதான் இருக்கிறது. தண்ணீர் கொடு என்று இல்லை. பங்கு எங்கே? வரி.

ஈரமண்:
ஐயா, ஒரு சின்ன விண்ணப்பம். "மிச்சம்" என்று நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றுதானா? மதகு சொல்வது வயலுக்குத் திறந்துவிடும் நீர். நிலத்தடி சொல்வது பயிர் குடித்து ஆவியாகி, ஆற்றுக்குத் திரும்பவே திரும்பாத நீர். சொட்டுநீர் போட்டால் முதலாவது குறையும். இரண்டாவது குறையும் என்று உறுதியில்லை, நிலப்பரப்பைக் கூட்டினால் ஏறவும் செய்யும். இதை முதலில் தீர்த்துக்கொள்ளலாமே?

நிலத்தடி:
அதெல்லாம் அப்புறம். கசிவு வீண் அல்ல. இதை மதகு ஒத்துக்கொள்ளட்டும், பிறகு பேசலாம்.

வயல்காடு:
சொட்டுநீரை ஆளாளுக்குக் குறை சொல்கிறீர்கள், குழாய் இழுத்துப் போட்ட கை ஒன்றுகூட இங்கே இல்லை போலிருக்கிறது. நான் எட்டு வருடமாகச் சொட்டுநீரில் பயிர் வைக்கிறேன். திறந்துவிடும் தண்ணீர் குறைந்தது உண்மை, களை குறைந்ததும் உண்மை. ஆனால் கோடை முடிவில் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு சொட்டுவாயைச் சுற்றியும் ஈரம் முடிகிற விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் நிற்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும், உப்பு. அதைக் கழுவி இறக்க மழை வர வேண்டும், இல்லாவிட்டால் நிறையத் தண்ணீர் விட வேண்டும். அந்தத் தண்ணீரை எந்த மிச்சக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

மதகு:
வயல்காடு சொன்னதில் முதல் பாதி என் கட்சி. நன்றி.

வயல்காடு:
நான் எந்தக் கட்சியும் இல்லை. இரண்டாவது பாதியையும் படியுங்கள்.

நிலத்தடி:
உப்பு என்றதும் நினைவு வருகிறது. 1961இல் அரிசோனாவில் வெல்ட்டன் மோஹாக் பகுதி விவசாயிகள் வயலுக்கு அடியில் தேங்கிய உப்பு நீரை இறைத்து ஆற்றில் விட்டார்கள். கீழே மெக்சிக்காலியில் பயிர் கருகியது. ஒப்பந்தத்தில் அளவுதான் இருக்கிறது, தரம் பற்றி வரி எங்கே என்று அன்றைக்கும் இதே மாதிரிதான் கேட்டார்கள், மதகு. பன்னிரண்டு வருடம் சண்டை போட்டுத்தான் மினிட் 242 வந்தது. வரியில் இல்லாததால் தவறு தவறில்லை என்று ஆகிவிடாது.

கணக்கர்:
அந்த உப்பு வடிகால் நீர்தான் பிறகு தனி வாய்க்காலில் டெல்டாவுக்குப் போய் சியெனெகா தெ சாந்தா கிளாரா என்ற பெரிய சதுப்பு நிலமாக ஆனது. யாரும் திட்டம் போடவில்லை. இன்று பறவைகளுக்கு அதுதான் புகலிடம். எல்லைக்கு வடக்கே சால்ட்டன் ஏரியும் இம்பீரியல் பள்ளத்தாக்கு வயல்களின் வடிநீரில்தான் நிற்கிறது. வயலில் சிக்கனம் கூடக் கூட ஏரி வற்றுகிறது, கரையில் புழுதி பறக்கிறது. ஆகவே "வீண்" என்ற சொல்லை யோசித்துப் பயன்படுத்தலாம்.

மதகு:
அப்படியானால் ஏரிக்காக எல்லோரும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா? அருமையான நீர் மேலாண்மை.

கணக்கர்:
நான் அப்படி எழுதவே இல்லை. போன மாதம் மீகாங் பற்றிய விவாதத்திலும் நான் சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு பதில் எழுதினீர்கள்.

மதகு:
மீகாங்கை இங்கே இழுக்காதீர்கள். அங்கே தோற்றது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஈரமண்:
இருவரும் கொஞ்சம் அதே ஆணையத்தின் மினிட் 319ஐப் பாருங்கள். 2012இல் கையெழுத்தானது. 2010 நிலநடுக்கத்தில் மெக்சிக்காலி வாய்க்கால்கள் உடைந்தபோது, பயன்படுத்த முடியாத நீரை அமெரிக்காவின் மீட் ஏரியில் இருப்பு வைத்துக்கொள்ள மெக்சிகோவுக்கு இடம் கொடுத்தார்கள். 319 அதை நீட்டித்தது. அமெரிக்கப் பணத்தில் மெக்சிகோ வாய்க்கால்களைச் சீர்செய்து, மிச்சமாகும் நீரைப் பகிர வழி செய்தது. 2017இல் மினிட் 323 அதையே இன்னும் விரித்து, மெக்சிகோ பக்கச் சிக்கன வேலைகளுக்கு 3.15 கோடி டாலர் ஒதுக்கியது. கூடிப் பேசினால் நடக்கிறதே!

மதகு:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். சிமெண்ட் பூசு, பங்கு போடு.

நிலத்தடி:
இல்லை. இங்கே இரு தரப்பும் உட்கார்ந்து பேசின, பலனில் இருவருக்கும் பங்கு. 2006இல் என்ன நடந்தது? ஆல் அமெரிக்கன் கால்வாய் வேலைக்கு எதிராக வழக்கு நடந்துகொண்டிருந்தது. தாமதமில்லாமல் கட்டு என்று அமெரிக்க காங்கிரஸ் சட்டமே போட்டு முடித்துவைத்தது. மெக்சிக்காலி விவசாயிக்கு அதில் என்ன பங்கு? அந்தக் கசிவு வீண் அல்ல.

மதகு:
சரி, 2014இல் எல்லையில் இருக்கும் மொரேலோஸ் அணையைத் திறந்து எட்டு வாரம் டெல்டாவுக்கு விட்டார்களே, 1,05,000 ஏக்கர் அடி? பெரும்பகுதி மணலுக்குள் இறங்கிக் காணாமல் போனது. அதுவும் வீண் இல்லையா?

நிலத்தடி:
காணாமல் போனதா? சான் லூயிஸ் ரியோ கொலராடோ ஊரில் பாலத்துக்குக் கீழே ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு ஜனங்கள் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நின்றார்கள். ஆற்றில் தண்ணீரையே பார்த்திராத பிள்ளைகள் அதில் குதித்து விளையாடினார்கள். மணலுக்குள் இறங்கிய நீர் நிலத்தடி மட்டத்தை ஏற்றியது. கரையில் வில்லோ, காட்டன்வுட் மரங்கள் முளைத்தன. இதைப் போய் வீண் என்கிறீர்களே, உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

மதகு:
உணர்ச்சியை விடுங்கள். மெக்சிகோ மட்டும் யோக்கியமா? அதே 1944 ஒப்பந்தத்தில் ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கம் ஐந்து ஆண்டுக்கு 17.5 லட்சம் ஏக்கர் அடி அவர்கள் கொடுக்க வேண்டும். தவணை தவறிக்கொண்டே இருக்கிறது. 2020இல் மெக்சிகோவின் சிவாவா மாநில விவசாயிகள் லா போகியா அணையையே கைப்பற்றி, தரமாட்டோம் என்றார்கள்.

வயல்காடு:
வறட்சியில் அணையில் இருந்ததே கொஞ்சம். அடுத்த விதைப்புக்குத் தண்ணீர் இல்லாமல் போகிறவன் வேறு என்ன செய்வான்? உழுதவனைக் கேளுங்கள்.

மதகு:
அதாவது உங்களுக்குப் பிடித்தவர் ஒப்பந்தத்தை மீறினால் நியாயம்.

வயல்காடு:
நியாயம் என்று நான் எழுதிய இடத்தைக் காட்டுங்கள்.

ஈரமண்:
ரியோ கிராண்டே வேறு படுகை, வேறு விதி. தயவுசெய்து அதற்குத் தனியாக ஒரு விவாதம் தொடங்குங்கள்.

நிலத்தடி:
வேண்டாம், பேச்சை மாற்ற விடமாட்டேன். மதகு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த 67,700 ஏக்கர் அடி யாருடைய தண்ணீர்?

மதகு:
கால்வாய் யாருடையதோ அவருடையது. இல்லை என்றால் ஒப்பந்தத்தில் வரியைக் காட்டுங்கள். மூன்றாவது முறை கேட்கிறேன்.

நிலத்தடி:
காட்டிவிட்டேன். மினிட் 242. மேலே போய்ப் படியுங்கள்.