எல்வின் ஜோன்ஸ் வாசிப்பில் தாளம் எங்கே ஒளிந்திருக்கிறது?

மதுரைப்பையன்:
சினிமாப் பாட்டும் ராக்கும் கேட்டு வளர்ந்தவன். காலால் அடிக்கும் கிக் டிரம்மைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினால் போதும், பாட்டு எங்கே போகிறதென்று தெரிந்துவிடும். ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ் வாசிப்பதைக் கேட்டால் பத்து விநாடியில் தாளம் கைநழுவிப் போகிறது. ஆளாளுக்கு அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு மட்டும்தான் கண்டபடி அடிப்பது போலக் கேட்கிறதா?

சிம்பல்காரன்:
கிக்கில் தேடினால் கிடைக்காது தம்பி. வலது கை தட்டும் பெரிய ரைடு சிம்பலைக் கேளுங்கள். டிங், டிங்-க டிங், டிங்-க டிங். இடது கால் ஹை-ஹாட்டை, அதாவது ஜோடி சிம்பலை, நாலு அடியில் 2-லும் 4-லும் 'சிக்' என்று மூடும். தாளம் அவ்வளவுதான். மற்ற கையும் காலும் சோலோ வாசிப்பவரோடு வாயாடத்தான்.

முதலில் இப்படி இல்லை. நடனக் குழுக்களில் நாலு அடிக்கும் கிக் விழும். கவுன்ட் பேசி குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் அதை ஹை-ஹாட்டுக்கு நகர்த்தினார். 1930களின் கடைசியில் டெடி ஹில் குழுவில் இருந்த டிரம்மர் கென்னி கிளார்க், அசுர வேகப் பாட்டுகளுக்குக் காலால் ஈடுகொடுக்க முடியாமல் தாளத்தை ரைடுக்கே தூக்கிவிட்டார். சும்மா இருந்த காலை வைத்து, யாரும் எதிர்பாராத இடத்தில் திடும் என்று ஒரு அடி. இதற்குக் 'குண்டு போடுவது' என்று பெயர். ஹில்லுக்குப் பிடிக்கவில்லை, வேலையை விட்டே அனுப்பிவிட்டார். அப்புறம்தான் கூத்து. நியூயார்க்கின் ஹார்லெமில் மின்டன்ஸ் கிளப்பை நடத்த வந்த அதே ஹில், வாசிக்கக் கூப்பிட்டது கிளார்க்கைத்தான். பீபாப் என்ற வேகமான புதுவகை ஜாஸ் வளர்ந்ததே அந்த மேடையில்.

டிரம்ஸ் சோலோ வரும்போது நான் டீ போடப் போய்விடுவேன். பின்னால் இருந்து வாசிப்பதில்தான் ஆளைத் தெரியும்.

ராக்கூத்து:
சிம்பல்காரரே, ரைடு கணக்கு மைல்ஸ் டேவிஸுக்கு டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காப்புக்குச் சரி. எல்வினுக்கு ஒத்துவராது. அவரிடம் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிந்து ஸ்னேர், டாம், கிக் என்று உருண்டு ஓடும். ரைடு அதில் ஒரு பங்காளி, அவ்வளவே.

சிம்பல்காரன்:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் புதிதாகக் கேட்பவரை நேராக எல்வினிடமா அனுப்புவது? 1959-இல் வந்த ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் முதல் பாட்டைப் போடுங்கள். ட்ரம்பெட் சோலோ தொடங்கும் இடத்தில் காப் ஒரு சிம்பல் அடி போடுவார். பழைய தேவாலயம் ஒன்றை ஸ்டுடியோவாக்கி, அங்கே பதிவு செய்தது அது. அந்த ஒலி தேய்ந்து கரைவதை ஹெட்போனில் கேளுங்கள்.

விமர்சகர்களை ரொம்ப நம்பாதீர்கள். 1961-இல் டவுன் பீட் பத்திரிகையில் ஜான் டைனன், கோல்ட்ரேனும் அவரோடு ஊதிய எரிக் டால்ஃபியும் வாசித்ததை 'ஆன்டி-ஜாஸ்' என்று கிழித்தார். நல்ல ரிதம் செக்‌ஷன் (பியானோ, பேஸ், டிரம்ஸ்) இவர்களுக்குப் பின்னால் வீணாகிறதாம்! அந்த ரிதம் செக்‌ஷனில் டிரம்ஸ் யார் தெரியுமா? எல்வின்தான். கோல்ட்ரேன் அப்படி வாசிக்க அவரும் ஒரு காரணம் என்பது மனுஷனுக்கு உறைக்கவில்லை.

மதுரைப்பையன்:
காப் பிடிபட்டுவிட்டார், ரைடு தெளிவாகக் கேட்கிறது. எல்வினில் இன்னும் தொலைந்துதான் போகிறேன்.

ராக்கூத்து:
கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தில் இரண்டாம் பகுதியை எடுங்கள். முதலில் ஜிம்மி காரிசனின் பேஸ் மட்டும் தனியாக வரும், பிறகு எல்லோரும் ஒரே பாய்ச்சலாக உள்ளே விழுவார்கள். அந்த நொடியிலிருந்து பேஸை விடாதீர்கள். எல்வின் எங்கே சுற்றினாலும் சுற்றட்டும்.